கோசிக் கரையில் தோற்றது பொறியியலா?

நம் கருத்தரங்குகளில் அண்மைக்காலமாக இரு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. வெள்ளம், வறுமை, கல்வி என எதையும் பொறியியல் சிந்தனையால் ‘தீர்த்துவிடலாம்’ என்பது ஒன்று. மனிதர் வாழ்வோடு பிணைந்த சிக்கல்களில் பொறியாளருக்கு இடமே இல்லை என்பது மற்றொன்று. மொழியியல் பயின்ற எனக்கு இரண்டாவது அணியில் நண்பர்கள் அதிகம். ஆயினும் சொல்கிறேன்: இரு சாராருமே பொறியியலை அறியாமல் பேசுகிறார்கள்.

இரண்டாம் அணியினர் தவறாது சுட்டுவது பிகாரின் கோசி ஆறு. அதையே எடுத்துக்கொள்வோம். இமயத்திலிருந்து பெருமளவு வண்டலைச் சுமந்துவரும் இந்த ஆறு, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது. 1955 முதல் அதன் இருமருங்கும் கரைகள் எழுப்பப்பட்டன. பரவ வழியற்ற வண்டல் கரைகளுக்கிடையே படிந்து படுகையை உயர்த்தியது. வெளிப்புறத்தில் மழைநீர் வடிய வழியின்றித் தேங்கியது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. வினாடிக்கு 9.5 லட்சம் கன அடி நீரைத் தாங்குமென வடிவமைக்கப்பட்ட கரை; அன்று ஓடியதோ 1.5 லட்சத்துக்கும் குறைவு. பிகாரில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர்.

தோற்றது பொறியியலா? 1937-இல் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டிலேயே கரைகளுக்கு எதிராகப் பேசியவர் பிகாரின் தலைமைப் பொறியாளர் ஹால். ஐயம் அத்துறைக்குள்ளேயே இருந்தது. அந்த ஐயத்தைப் புறந்தள்ளிக் கரையை முடிந்த முடிவாக அறிவித்தது அரசியல்.

உறுதியின்மையைப் பொறியியல் எவ்வாறு கையாள்கிறது என்பதற்கு மண் இயக்கவியல் அறிஞர் ரால்ஃப் பெக் 1969-இல் விளக்கிய ‘கண்காணிப்பு முறை’ நல்ல சான்று. நிகழக்கூடியது எதுவோ அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும். மிக மோசமான விலகல் எதுவெனக் கருதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விலகலுக்கும் உரிய மாற்று நடவடிக்கையை முன்கூட்டியே வகுக்க வேண்டும். பின்னர் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ‘நான் தவறக்கூடும்’ என்பது இங்கே தன்னடக்கச் சொல்லன்று. வேலைத்திட்டத்தின் ஒரு பகுதி.

இவ்வறிவு பொறியாளர்க்கு மட்டுமே உரியதுமன்று. வடபிகார் மக்களின் பேச்சில் வெள்ளத்தின் அளவைப் படிப்படியாகச் சுட்டும் தனித்தனிச் சொற்கள் இருப்பதை, பொறியாளரும் ஆய்வாளருமான தினேஷ் குமார் மிஸ்ரா பதிவு செய்துள்ளார். எந்தப் படிநிலையில் என்ன செய்வது என்ற அனுபவம் அச்சொற்களுக்குள் உறைந்திருக்கிறது. அரசின் அகராதியிலோ ‘வெள்ளக் கட்டுப்பாடு’ என்ற ஒரே தொடர். விளைவு என்ன? 1954-இல் சுமார் 160 கிலோமீட்டராக இருந்த பிகாரின் கரைகள் இன்று 3,700 கிலோமீட்டரைக் கடந்துவிட்டன. அரசுக் கணக்கின்படியே, வெள்ள அபாயப் பரப்பு 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சத்துக்கும் மேலாகப் பெருகியது. அளந்த எண் கருதுகோளை மறுக்கும்போதும் கருதுகோளை மாற்ற மறுப்பதற்குப் பொறியியல் என்று பெயரில்லை.

‘மக்கள் மூழ்கும்போது ஐயங்களை அடுக்கிக்கொண்டிருக்கலாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முழு உறுதி வரும்வரை காத்திருக்கச் சொல்வது நம் புலங்களின் சோம்பல்; பொறியாளர் அரைகுறை அறிவோடுதான் செயலில் இறங்குகிறார். ஆனால், தவறினால் அதன் விலையை யார் கொடுப்பது என்று முதலிலேயே கணக்கிட வேண்டும். கோசியின் இரு கரைகளுக்கு நடுவே சிக்கிய நூற்றுக்கணக்கான கிராமங்கள் அக்கணக்கில் ஒழுங்காக இடம்பெறவேயில்லை.

ஆகவே, தீர்வு விற்க வருவோரிடமும், பொறியியலைப் பழித்தே ஆய்வேட்டை முடிக்கும் நண்பர்களிடமும் ஒரே வேண்டுகோள். நீங்கள் முன்வைப்பது திட்டமாயினும் கோட்பாடாயினும், அது எங்கே உடையும், உடைவதை முதலில் காண்பவர் யார், அவர் சொல்லைக் கேட்க யார் இருக்கிறார் என்று எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பின் விவாதிப்போம்.