சிறு வலிதானே என்று சொல்லாதீர்!

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று 'நான் வளர்க்கும் செல்லப்பிராணி'. பெரும்பாலான பிள்ளைகள் நாயைப் பற்றித்தான் எழுதுவர். 'நாய் நன்றியுள்ள பிராணி' என்னும் தொடர் இல்லாத ஒரு கட்டுரையை இத்தனை ஆண்டுகளில் நான் திருத்தியதாக நினைவில்லை. நாயின் நன்றியைப் பற்றி இவ்வளவு எழுதுகின்ற நாம், அந்த நாய்க்கு மூட்டு வலித்தால் என்ன செய்கிறோம்? மருந்துப் பெட்டியைத் திறந்து ஒரு பனடோலை எடுக்கிறோம்!

இந்தப் பழக்கத்தைக் கண்டித்தே இப்பதிவை எழுதுகிறேன். அன்பர்கள் சிலருக்குக் கசக்கலாம். கசக்கட்டும்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான்: நாய் நொண்டியதாம், பாட்டி தமக்கு வாங்கி வைத்திருந்த மூட்டுவலி மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் பிசைந்து நாள்தோறும் ஊட்டினாராம், நாய் மீண்டும் ஓடியதாம். நான் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்ததோடு, மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லிப் பெற்றோருக்கும் சொல்லி அனுப்பினேன். அதற்குள் காலம் கடந்திருந்தது. நாய் காப்பித்தூள் நிறத்தில் வாந்தியெடுத்தது. தார் போல் கறுத்த கழிச்சல். நான்கே நாளில் போய்விட்டது. "ஐயா, பாட்டி நல்லதுக்குத்தானே கொடுத்தாங்க?" என்று அவன் கேட்டான்.

அந்தப் பாட்டியை நான் குறை கூறேன். அவருக்கு அன்பு இருந்தது. எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை. என் சினமெல்லாம் புலனக் குழுக்களில் அமர்ந்துகொண்டு, "சின்ன வலிதானே, அரை மாத்திரை போதும்" என்று மருத்துவம் பார்க்கும் படித்த பெருமக்கள் மீதுதான்.

அவர்களுக்காக ஓர் எளிய கணக்கு. ஒரு பனடோல் மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசித்தமோல் உள்ளது. 60 கிலோ எடையுள்ள மனிதர் அதை விழுங்கினால் கிலோவுக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம். அதே மாத்திரையை 5 கிலோ எடையுள்ள பொமரேனியனுக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம்! நாயின் கல்லீரலைத் தாக்கக்கூடிய நச்சளவு அது. அம்மனிதர் ஒரே மூச்சில் பன்னிரண்டு மாத்திரை விழுங்குவதற்கு ஒப்பு. இதை வகுத்துப் பார்க்கப் பட்டப்படிப்பு வேண்டுமா? (பூனை வளர்ப்போர் கவனிக்க: பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை கூட உயிரைப் பறிக்கலாம்.) சில நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் நாய்க்குப் பாராசித்தமோல் எழுதித் தருவதுண்டே என்பார் உளர். உண்மைதான். எடை பார்த்து, கல்லீரலின் நிலை அறிந்து, அளவு குறித்துத் தருகின்றனர். நாமோ கண்ணளவில் ஒடித்துப் போடுகிறோம்.

ஐபுபுரோபென், நாப்ரோக்சென், டைக்குளோபினாக் ஆகியவை இதனினும் கொடியவை. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை இவை தடுக்கின்றன. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்திற்குக் குருதி குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். நாயின் உடல் இம்மருந்துகளை நம் உடலைப் போல் வெளியேற்றுவதில்லை. நாப்ரோக்சென் நாயின் குருதியில் நாள்கணக்கில் தங்கும். வலி போகும், கூடவே இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும். ஆஸ்பிரினும் இதற்கு விலக்கன்று.

"அப்படியானால் தைலம் தடவலாமே" என்பார் இன்னொரு சாரார். நாய் தன் காலை நக்காமல் இருக்குமா? நம் தைலங்கள் பலவற்றில் கற்பூரமும் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டும் உள்ளன. தடவியது தோலுக்கு; சேர்வதோ வயிற்றுக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நொண்டும் நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் என்று யார் சொன்னது? நம் நாட்டின் வெப்பத்தில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா காய்ச்சல் மூட்டுகளை வீங்கச் செய்யும். குருதியை உறையவைக்கும் தட்டணுக்களையும் குறைக்கும். அந்நிலையில் இருக்கும் நாய்க்கு ஆஸ்பிரின் கொடுத்தால் என்ன ஆகும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். முழங்கால் தசைநார் அறுந்திருந்தாலோ, வலி மறைந்த மயக்கத்தில் நாய் ஓடும், எஞ்சியதும் அறும்.

சரி, வேறு என்னதான் செய்வது?

முதலில் எடை. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. காலையில் ரொட்டி சானாய், மாலையில் பிஸ்கட், இரவில் கறிக்குழம்புச் சோறு என்று ஊட்டிவிட்டு, நடக்க முடியவில்லை என்று வருந்துகிறோம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பாதி நாய்களுக்கு மறு பாதியை விட 25 விழுக்காடு குறைவாக உணவளித்தனர். குறைவாக உண்டவை ஏறத்தாழ ஈராண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்டதும் ஏறத்தாழ மூவாண்டு தள்ளிப்போனது. பருத்த நாய் தன் எடையில் 6 விழுக்காடு குறைந்தாலே நொண்டல் தணியத் தொடங்குவதாக வேறோர் ஆய்வு கூறுகிறது. 20 கிலோ நாய்க்கு அது 1.2 கிலோ. எந்த மாத்திரையும் தராத நலம், செலவில்லாமல்!

அடுத்தது தரை. நம் வரிசை வீடுகளில் பளபளவென்று வழுக்கும் ஓடு பதித்திருக்கிறோம். மூட்டு வலிக்கும் நாய்க்கு அது பனிக்கட்டி மேல் நடப்பது போன்றது. நாய் நடமாடும் வழியில் ரப்பர் பாய் விரியுங்கள், நகத்தை வெட்டுங்கள், படுக்க மெத்தென ஒன்றைப் போடுங்கள். வாயிற்கம்பியில் நாளெல்லாம் சங்கிலியிட்டு வைப்பது ஓய்வு ஆகாது. அசையாத மூட்டு மேலும் இறுகும். வெயிலேறுமுன் கழுத்துவாருடன் பத்து நிமிடம், மாலையில் மீண்டும் பத்து நிமிடம், மெதுவாக நடத்துங்கள். புதிதாகப் பிசகிய காலென்றால் ஓரிரு நாள் ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடமும். பழைய இறுக்கமென்றால் இளஞ்சூட்டு ஒற்றடம். உங்கள் கையே பொறுக்காத சூடு நாய்க்கும் ஆகாது. மீனெண்ணெயின் ஒமேகா-3 பயன் தருவதாகச் சான்றுகள் உள்ளன. அளவை மருத்துவரிடம் கேளுங்கள். குளுக்கோசமைனுக்கு விளம்பரம் இருக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

இரண்டு நாளில் தணியாவிட்டாலும், காலை ஊன்றவே மறுத்தாலும், வீங்கினாலும், உண்ணாமல் கிடந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நாய்க்கென்றே ஆய்ந்து தந்த கார்புரோபென், மெலோக்சிகாம் போன்ற மருந்துகள் உள்ளன. அவற்றையும் எடைக்கேற்ற அளவில், தேவையானால் குருதி ஆய்வுக்குப் பின்பே தருவர்.

"தோட்டத்தில் அந்தக் காலத்து நாய்கள் மருத்துவரையா பார்த்தன?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். அவை எத்தனை ஆண்டு வாழ்ந்தன, எப்படிச் செத்தன என்று யார் எண்ணிப் பார்த்தார்? செலவாகும் என்பது மெய்யே. எனக்கும் ஆசிரியர் சம்பளந்தான். ஆனால் குடற்புண்ணுக்கும் சிறுநீரகக் கோளாற்றுக்கும் ஆகும் செலவு, ஒரு பரிசோதனைக் கட்டணத்தைப் போல் பல மடங்கு. மேலும், 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர் மீது கடமை சுமத்தியிருக்கிறது. நோயுற்ற விலங்கைக் கவனிப்பது நம் பெருந்தன்மையைப் பொறுத்ததன்று.

ஏற்கெனவே மாத்திரை கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். ஒரு வலி மருந்து உடலில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்த்தால் கேடு இரட்டிக்கும். உங்களிடம் கேட்டறியாமல் அவரால் அடுத்த மருந்தைத் தொடங்க முடியாது.