துருவ ஒளி தெரியாவிட்டால் பயணம் வீணா?

உங்களில் சிலர் பிற்காலத்தில் மேற்படிப்புக்காக ஸ்வீடனுக்குச் செல்லக்கூடும். அங்கு படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் குளிர்கால விடுமுறையில் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஸ்டாக்ஹோமில் இரவு ரயில் ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பாலுள்ள அபிஸ்கோ என்னும் சிற்றூருக்குப் போவதுண்டு. துருவ ஒளியைக் காண வேண்டும் என்பதே பலருடைய ஆசை. வானை மேகம் மூடிவிட்டால், பணமும் போயிற்று, பயணமும் வீண் என்று வருந்துவார்கள். இது தவறான எண்ணம் என்பேன். கேள்விகளோடு போகும் மாணவனுக்கு அங்கே ஒரு நாளும் வீணாகாது.

முதலில் ஒரு கணக்கு. டிசம்பர் கடைசியில் அபிஸ்கோவில் சூரியன் உதிப்பதில்லை. அப்படியானால் நண்பகலும் கும்மிருட்டா? அவ்வூரின் அட்சரேகை சுமார் 68.4 டிகிரி. இதை 90-இலிருந்து கழித்தால் 21.6. அப்போது சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 டிகிரியில் இருக்கிறது. ஆகவே நண்பகலில் அது தொடுவானத்துக்கு 1.8 டிகிரி மட்டுமே கீழே இருக்கும். அதனால் தினமும் நாலைந்து மணி நேரம் நீல நிற அந்தி வெளிச்சம் பனியின்மேல் பரவி நிற்கும். இதைக் காண மேகமற்ற இரவு தேவையில்லை!

அடுத்து, உடை. கடுங்குளிரில் உடலை ஒட்டிப் பருத்திச் சட்டை அணியாதீர்கள். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரத் துணி உடல் வெப்பத்தை விரைவில் கடத்திவிடும். கம்பளி உடைகளை அடுக்கடுக்காக அணிந்தால் இடையில் காற்று சிறைப்படும். காற்று ஓர் அரிதில் கடத்தி என்று வகுப்பில் படித்தது அங்கே உயிர்காக்கும் பாடமாகிறது.

சரி, துருவ ஒளி தெரிந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சூரியனிலிருந்து வரும் மின்துகள்களின் தூண்டுதலால், பூமியின் காந்தப்புலத்தில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள ஆக்ஸிஜன் அணுக்களைத் தாக்குவதால் பச்சை ஒளி பிறக்கிறது. ஆனால் மங்கலான ஒளி நம் கண்ணுக்கு வெண்சாம்பலாகவே தோன்றலாம். குறைந்த ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. கேமராவோ பல விநாடிகள் ஒளியைச் சேர்த்துப் பச்சையாகக் காட்டுகிறது. காரணம் அறிந்தவன் ஏமாற மாட்டான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அபிஸ்கோவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் 1913 முதல் வெப்பநிலையைப் பதிவு செய்து வருகிறது. அப்பதிவுகளின்படி 2006-க்குள் அங்கே ஆண்டு சராசரி வெப்பநிலை சுமார் 2.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்து, உறைநிலையைத் தாண்டிவிட்டது. விளைவு என்ன? குளிர்காலத்தின் நடுவே மழை பெய்கிறது. அது பனியின்மேல் உறைந்து கெட்டியான தகடாகிறது. ரெயின்டீர் மான்கள் குளம்பால் பனியைத் தோண்டி, அடியிலுள்ள லைக்கன்களைத் தின்று வாழ்பவை. தகட்டை உடைக்க முடியாமல் அவை பட்டினி கிடக்கின்றன. அவற்றை மேய்த்துப் பிழைக்கும் ஸாமி பழங்குடி மக்கள் தீவனத்தை விலைக்கு வாங்க நேர்கிறது. நீங்கள் குளிர்காலத்தில் போய் அங்கே மழையில் நனைந்தால், பயணம் கெட்டது என்று மட்டும் எண்ணலாமா?

இத்தனையும் நமக்குத் தெரிய வந்தது எப்படி? மேகமூட்டமான நாளிலும், வேடிக்கை பார்க்க எதுவும் இல்லாத நாளிலும் யாரோ ஒருவர் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்ததால்தான்.

ஆகவே, போகுமுன் நண்பர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வெப்பநிலையைக் குறிக்கட்டும். ஒருவர் அந்தி வெளிச்சம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்று பார்க்கட்டும். ஒருவர் பனியைத் தோண்டி அதன் அடுக்குகளை வரையட்டும். ஒருவர் அங்குள்ள முதியவர்களிடம், அவர்கள் சிறு வயதில் கண்ட குளிர்காலம் எப்படி இருந்தது என்று கேட்கட்டும். பையில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். கடுங்குளிரில் பேனா மை உறைந்துவிடலாம்; பென்சில் எழுதும்!