பட்டியலுக்குள் ஒரு தேர்தல்

ஒரு கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிப்பது கொள்கையா, அன்றி வாக்களிப்போரின் தலைக்கணக்கா? அமெரிக்காவில் கட்சியின் சனாதிபதி வேட்பாளரைக் கட்சி ஆதரவாளரே மாநிலந்தோறும் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். 2020 ஆம் ஆண்டில், வெள்ளையர் மிகுந்த அயோவாவில் நான்காம் இடத்தையும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடத்தையும் பெற்றுத் துவண்டிருந்த ஜோ பைடன், சனநாயகக் கட்சி வாக்காளருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்களாயிருந்த தென் கரோலினாவில் பெருவெற்றி ஈட்டி, ஈற்றில் வேட்பாளருமானார். மனிதர் மாறவில்லை, கொள்கை மாறவில்லை, வாக்களித்த மக்களே மாறினர்.

நம் நாட்டில் சனாதிபதி வேட்பாளரைக் கட்சித் தலைவர்களே கொழும்பில் கூடி முடிவு செய்கின்றனர். மக்களுக்கு அதில் இடமில்லை. ஆயின் பாராளுமன்றத் தேர்தலில் ஒவ்வொரு கட்சிப் பட்டியலுக்குள்ளும் ஒரு தேர்தல் நடைபெறுகின்றது. 1989 முதல் நடைமுறையிலுள்ள விருப்பு வாக்கே அது. வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்கையும், அக்கட்சி வேட்பாளருள் மூவர் வரைக்கும் விருப்பையும் அளிக்கலாம். கட்சிக்கு ஆசனம் சேர்ப்பது அனைவரின் வாக்கு. அவ்வாசனத்தில் அமர்பவரைத் தீர்மானிப்பதோ பட்டியலுக்குள் பெருந்தொகையாய் நிற்போரின் விருப்பு. இவ்வேறுபாட்டை நம்மவருட் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை.

திகாமடுல்ல மாவட்டத்தை நோக்குக. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம்; சிங்களவர் 39 வீதம்; தமிழர் 17 வீதம். ஆசனங்கள் ஏழு. 2020 இல் பொதுசன பெரமுன பெற்ற மூன்று ஆசனங்களும் சிங்களவர்க்கே சென்றன. ஐக்கிய மக்கள் சக்தி பெற்ற இரண்டும் முஸ்லிம்களுக்கே சென்றன. தமிழர் வாக்கோ இரு பட்டியல்களாய்ப் பிளவுண்டு, மாவட்டத்தில் ஓர் ஆசனமுமின்றிப் போயிற்று. 2024 இல் தேசிய மக்கள் சக்திக்குத் தமிழ் பேசும் மக்களின் வாக்குகளும் கிடைத்தன. எனினும் அக்கட்சியின் நான்கு மாவட்ட ஆசனங்களிலும் அமர்ந்தோர் சிங்களவரே. இதில் எவர் மீதும் குற்றமில்லை. எண்ணிக்கை தன் வேலையைச் செய்தது.

இவ்வெண்ணிக்கை இனத்தோடு நிற்பதுமில்லை, ஊருக்குள்ளும் புகுகின்றது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர், பொத்துவில் என ஒவ்வோர் ஊரும் தன் மகனுக்கு மட்டுமே விருப்பளித்தால், வாக்குத்தொகை மிகுந்த ஊர் வெல்லும்; சிற்றூர் தேர்தல் தோறும் வாக்களித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். கல்லோயா நீர் கடைமடை வயலுக்கு எட்டாதபோதும், ஒலுவிலிற் கடல் கரையை அரித்தபோதும், அவ்வூரின் முறைப்பாட்டைச் சுமந்து செல்வார் யார்?

செய்ய வேண்டியன இரண்டு. முதலாவது, வேட்பாளர் பட்டியல் கொழும்பில் எழுதப்படலாகாது. தம் வட்டைக்கு வட்டவிதானையைத் தாமே தெரிவு செய்யும் உழவர்க்கு, தம் வேட்பாளரைத் தெரியும் அறிவு இல்லையா? ஊர்க்கிளை உறுப்பினர் இரகசிய வாக்கெடுப்பால் வேட்பாளரை முன்மொழியட்டும். சிற்றூர்களுக்கும் சிறுபான்மையினர்க்கும் பட்டியலில் இடம் ஒதுக்கப்படட்டும். இரண்டாவது, வாக்காளரும் தம் மூன்று விருப்புகளையும் பயன்படுத்துவாராக. ஒன்று தம் ஊருக்கு. மற்றை இரண்டும் அயலூர்த் தகுதியாளர்க்கு. அயலூர் அவ்வாறே திருப்பியளிக்குமாயின் சிற்றூரும் வெல்லும்.

இவை கனவுகளல்ல. 1988 இல் மாவட்ட ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்காக வாதாடியவர் இம்மண்ணின் மைந்தர் எம். எச். எம். அஷ்ரப். விதியை மாற்றுவதால் சிறு தொகையினரும் குரல் பெறலாம் என்பதை அன்றே அவர் காட்டினார். அடுத்த வேட்புமனு நாள் வருமுன் கிளைகள் கூடட்டும்; கற்றோரும் உழவரும் முன்வரிசையில் அமரட்டும். பட்டியல் எழுதப்படும் இடத்தில் நாம் இல்லையேல், அது எண்ணப்படும் இடத்தில் நின்று புலம்புவதிற் பயனில்லை.