ஐந்தெழுத்து லிஸ்டும் தாத்தாவின் கொப்பரையும்

சொன்னால் வீட்டில் சண்டை வரும், இருந்தாலும் சொல்லிடறேன். லிஸ்டைப் பார்த்து வேர்டில் ஆடுவது விளையாட்டே இல்லை!

2021-ல் எல்லாருக்கும் வந்த ஆட்டம். 2022-ல் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை, ஆறு வாய்ப்பு. மண்டையை உடைச்சுக்கறதுதான் அதில் சுகமே. என் மகளோ 'சி, ஓ, பி உள்ள ஐந்தெழுத்து வார்த்தைகள்' என்று கூகுளில் தேடி, வந்ததில் ஒன்றைப் போட்டாள். 'காப்ரா'.

"அப்படின்னா என்னம்மா?"

"தெரியாதுப்பா. லிஸ்ட்ல இருந்துச்சு."

அடக் கடவுளே! காங்கேயத்தில் உங்க தாத்தா களத்தில் காயப்போடற கொப்பரைதான் அது! மலையாளம், போர்ச்சுகீசியம் வழியா ஆங்கிலத்துக்குப் போன சொல். மாங்காய் 'மேங்கோ' ஆனதும், வெற்றிலை 'பீட்டல்' ஆனதும் இதே வழியில்தான். மூணுமே ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. நாக்பூரில் வளர்ற பிள்ளைக்கு இதையெல்லாம் லிஸ்ட் சொல்லுமா?

"வொக்காபுலரி வளருதே" என்கிறார் தங்கமணி. எங்கே வளருது? நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலக சாம்பியன் ஆனார். அவராவது வார்த்தைகளை மண்டையில் ஏத்திக்கிட்டார். அப்பவும் பட்டம்தான் வந்தது, பிரெஞ்சு வரலை. நம்ம பிள்ளைங்க அதுகூட இல்லை, பார்த்து எழுதறாங்க.

பேங்கில் கணக்கு இடிச்சா, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளற மாதிரிதான் இது. புக் டேலி ஆகும், தப்பு அப்படியே இருக்கும்.

லிஸ்டை மூடுங்க மக்களே. பிள்ளைங்க தோற்கட்டும். தோற்றுட்டு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்கட்டும். நேற்று லிஸ்ட் இல்லாமல் ஆடி என் மகள் தோற்றாள். ராத்திரி தாத்தாவுக்குப் போன் போட்டு, கொப்பரை எத்தனை நாள் காயணும்னு கேட்டுக்கிட்டிருந்தாள்.