கங்காணி இல்லாத திராட்சைத் தோட்டம் எங்கே உண்டு?

பாரிஸில் வாழும் என் சகோதரியின் மகன் கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்து, தன் வீட்டு வழக்கொன்றைத் தீர்த்துவைக்கச் சொன்னான். ஓகஸ்ட் இறுதியில் அவனுக்கும் மனைவிக்கும் ஐந்து நாள் விடுமுறை. வைன் விளையும் கிராமப்புறம் ஒன்றிற் போய்த் தங்க விருப்பம். "ஷாம்பெயினா, அல்சாஸா? நீங்களே சொல்லுங்கோ மாமா."

அவன் கட்சி ஷாம்பெயின். பாரிஸிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் முக்கால் மணி நேரத்தில் ரைம்ஸ் நகரம்; பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம்; 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற திராட்சைச் சரிவுகளும் நிலவறைகளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெயர்! ஊருக்குச் சொன்னால் ஊர் வாயைப் பிளக்கும்.

மருமகளின் கட்சி அல்சாஸ். 1953 இல் தொடக்கப்பட்ட ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வைன் பாதை, கொல்மார் நகரின் மரச்சட்ட வீடுகள் என்று அவளும் அடுக்கினாள். ஆனால் அவளுடைய உண்மையான காரணம் வேறு. "2023 இல் நடந்ததை வாசித்த பிறகு ஷாம்பெயின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டன் மாமா" என்றாள்.

நடந்தது இதுதான். 2023 ஆம் ஆண்டு அறுவடையின்போது கடும் வெயிலில் தொழிலாளர் சிலர் மாண்டனர். அதே செப்டெம்பரில் ஒரு சிற்றூரில், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மனிதர் வசிக்கத் தகாத கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பெரும்பாலானோரிடம் வதிவிட அனுமதி இல்லை. 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தற் குற்றவாளிகளாகக் கண்டது. ஆட்களைத் திரட்டிக் கொடுத்த நிறுவனத்தின் தலைவிக்கு நான்காண்டுச் சிறை. அதில் ஈராண்டு ஒத்திவைக்கப்பட்டது.

ஆட்களைத் திரட்டிக் கொடுப்பவருக்கு நம்மிடம் பழைய பெயரொன்று உண்டு: கங்காணி. தோட்டத்துரையின் கை அழுக்குப்படாமல் இருக்க இடையில் ஒருவர். கோப்பிக்கும் தேயிலைக்கும் நம் மலையகத்துக்கு ஆள் வந்தது இந்த வழியாற்றான். முறை பிரெஞ்சு மொழி பேசுவதால் அதன் முகம் நமக்குத் தெரியாமற் போய்விடுமா?

ஆகவே புகழைக் குடிக்கப் போகும் மருமகனுடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மருமகளுடனும் இல்லை. அவளுடைய கோபம் நியாயமானது. அவள் கண்ட பரிகாரம் வசதியானது. ஷாம்பெயினில் திராட்சையைக் கையாற்றான் பறிக்கவேண்டும் என்பது விதி. அல்சாஸின் நுரைக்கும் வைனான கிரெமானுக்கும் அதே விதிதான். அங்கும் பருவகாலத் தொழிலாளர் உண்டு. நீதிமன்றச் செய்தி வந்த இடத்தைத் தவிர்த்து, செய்தி வராத இடத்துக்குப் போவது அறமன்று. கேள்வியிலிருந்து விடுப்பு எடுப்பது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? தகுதியின்மையே தகுதி. வடக்கிற் பிறந்த நாம் ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு உல்லாசம் போனவர்கள். குளிர், பச்சைச் சரிவு, படகுச் சவாரி. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு மக்கள் அந்தச் சரிவின் மடிப்புகளில் லயன் அறைகளில் வாழ்வதை வாகன யன்னலூடாகவே பார்த்தோம். சுற்றுலாச் சிறப்பிதழொன்றுக்கு, கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே 'புன்னகைக்கும் மலையகம்' என்று எழுதியவன் நான். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பதற்காக அவரைப் போன்றோர் பல ஆண்டுகள் போராடி, 2021 இலேதான் அது சம்பளச் சபை மூலம் சட்டமாயிற்று.

"அப்படியானால் இலங்கைத் தேயிலையைக் குடிக்காதீர்கள்" என்று எவரேனும் சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை நாட்கள்தாம் முதலிற் குறையும். துரையின் இராப்போசனம் குறையாது. புறக்கணிப்பு வேண்டுமா என்பதைத் தொழிலாளரும் அவர்களின் சங்கங்களுமே சொல்லவேண்டும். விடுமுறைக்குப் போகிறவர்கள் அல்லர்.

விடுமுறைக்குப் போகிறவன் உபதேசம் கேட்கவா போகிறான் என்று நண்பர்கள் கேட்பர். இல்லை. இரசிக்கட்டும். ஆனால் அந்த அழகு தானாக விளைந்ததன்று, யாரோ முதுகு வளைத்து விளைத்தது என்று அறிந்து இரசிப்பதில் இன்பம் எங்கே குறைந்துவிடும்?

எனவே என் தீர்ப்பு ஷாம்பெயின். அதுவும் அறுவடை நாட்களிலேயே. பெரிய நிறுவனங்களின் நிலவறைச் சுற்றுலாவுக்கு வரிசையில் நிற்காமல், தன் தோட்டத்துத் திராட்சையில் தானே வைன் செய்யும் சிறு விவசாயியின் வீட்டிற் தங்கட்டும். இரண்டு கேள்விகளை மரியாதையுடன் கேட்கட்டும்: யார் பறிக்கிறார்கள்? அவர்கள் இரவில் எங்கே உறங்குகிறார்கள்? நேர்மையானவர் கூட்டிச் சென்று காட்டுவார். மழுப்புபவரிடம் ஒரு போத்தலும் வாங்கவேண்டாம்.

பறிப்போரின் அனுமதியுடன் ஒரு படமும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படத்துக்குக் கீழே அவர்கள் பெயர் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.