வடக்கன்குளம் முதல் காற்றாடிமலை வரை

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் சந்தியாகப்பருடைய கல்லறை இருக்கிறதென்று நம்பி, ஐரோப்பிய ஜனங்கள் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக அதை நோக்கி நடந்து வருகிறார்கள். முழு வழியையும் நடக்க இயலாதவர்கள் ஒரு பகுதியை மட்டும் நடந்துவிட்டு வீடு திரும்புவதும் உண்டு. ஆடி மாதத்தில் ஒருநாள், ஆலங்குளத்தில் நண்பர் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு வந்தது. நண்பர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர், கிறிஸ்தவர்.

"அதற்கு ஸ்பெயினுக்கு ஏன் போகவேண்டும்? வடக்கன்குளத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரையில் என்னோடு நடந்து பாருங்கள். ஒரு காலை நேரத்து நடைதான்" என்றார்.

சம்மதித்தோம். முதல் நாள் மாலையே திருநெல்வேலி வழியாகப் பஸ்ஸில் போய் வள்ளியூரில் தங்கி, விடியுமுன் வடக்கன்குளம் சேர்ந்தோம்.

இந்த வழிக்கு உரியவர் தேவசகாயம். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்டன் என்ற பெயருடன் பிறந்து, திருவாங்கூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1741-ல் குளச்சல் யுத்தத்தில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை முறியடித்தார் அல்லவா? (ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை நம் நாட்டு அரசர் மண் கவ்வச் செய்த அந்தச் சங்கதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.) அந்த யுத்தத்தில் சிறைப்பட்டு, பின்பு அதே அரசருடைய சேனைக்குப் பயிற்சி அளித்த டிலனாய் என்பவரிடமிருந்துதான் நீலகண்டன் கிறிஸ்து மதத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். ஞானஸ்நானம் பெறுவதற்குச் சமஸ்தானத்தின் எல்லையைக் கடந்து, 1745-ஆம் வருஷம் மே மாதம் வடக்கன்குளத்துக்கு வந்தார். ஏழு வருஷம் கழித்து, 1752 ஜனவரி 14-ஆந் தேதி, ஆரல்வாய்மொழிக் காட்டில் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குள் மூன்று வருஷச் சிறைவாசம்; எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம். மதத்துக்காகத் தண்டித்தார்கள் என்று திருச்சபை சொல்கிறது. காரணம் அதுவல்ல, ராஜாங்க சம்பந்தமான குற்றம் என்று வாதிக்கும் சரித்திரக்காரர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், அவர் புதுப் பெயர் பெற்ற இடத்துக்கும் உயிர் விட்ட இடத்துக்கும் நடுவே உள்ளது ஒரு காலை நேரத்து நடைதான்.

வடக்கன்குளத்துக் கோவிலைப் பார்த்ததும் நாம் திகைத்துப் போனோம். 1872-ல் கட்டியது. ஜனங்கள் நிற்கும் கூடம் ஒன்றாக இல்லை. இரண்டு கிளையாகப் பிரிந்து பலிபீடத்தில் வந்து சேருகிறது. ஒரு ஜாதியார் ஒரு கிளையில், மற்றவர்கள் மறு கிளையில், நடுவே சுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரிமார்கள் அந்தச் சுவரை இடித்தபோது, சுவர் வேண்டுமென்று வழக்காடிச் சென்னை ஹைக்கோர்ட்டு வரை போனவர்களும் உண்டு! எல்லைக்கு அந்தப் பக்கம் கோயிலுக்குள் விடுவதில்லை என்ற கொடுமை. அது 1936-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும் வரையில் தீரவில்லை. இந்தப் பக்கம் உள்ளே விட்டு, நடுவில் சுவர் வைத்தார்கள். ஜாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார் என்று யாரைப் புகழ்கிறார்களோ, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில்!

காவல்கிணறு தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆலங்குளத்துக்காரர்களுக்குக் காற்று புதிதல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டு வரும் அதே தென்மேற்குக் காற்று, இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிறது. ஆனால் மேற்கு நோக்கி நடப்பவனுக்கு அது முகத்தில் அறைகிற காற்று. நண்பருடைய குடை இரண்டு தடவை மேல்நோக்கி விரிந்து, மூன்றாந் தடவை குடையாக இருப்பதையே விட்டுவிட்டது. முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றன.

அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் நல்ல மனிதர். ஈரத் துண்டைத் தாமே வாங்கிக் கொடியில் போட்டார். எந்த ஊர், எங்கே போகிறோம் என்று விசாரித்தார். தேவசகாயத்தின் பெயரைச் சொன்னதும் கைகூப்பினார். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. நீங்க எந்த ஆளுக?" என்று கேட்டார்.

"ஆலங்குளத்து ஆளுக" என்றார் நண்பர்.

"அது சரி, ஆலங்குளத்துல எந்த ஆளுக?"

"கிழக்கே போனா மேற்கத்தி ஆளு, மேற்கே வந்தா கிழக்கத்தி ஆளு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

வெளியே வந்ததும் நமக்குக் கோபம் பொங்கியது. 2012-ல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டம் அளித்தபோது 'தேவசகாயம் பிள்ளை' என்றே எழுதினார்கள். ஜாதிப் பட்டத்தை விட்டவருக்கு அதைத் திரும்பவும் ஒட்டுவதா என்று பலர் முறையிட்டார்கள். ரோமாபுரியும் 2020-ல் அதை நீக்கச் சம்மதித்தது. 2022 மே 15-ஆந் தேதி போப்பாண்டவர் புனிதராக அறிவித்தபோது வெறும் தேவசகாயம்தான். ரோமாபுரிக்கு எட்டியது முப்பந்தலுக்கு எட்டவில்லையே என்று நாம் பிரசங்கம் செய்துகொண்டே நடந்தோம்.

நண்பர் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "நீங்கள் முதன்முதல் என் வீட்டுக்கு வந்தபோது என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா?" என்றார்.

நினைவில்லை என்றோம்.

"பூர்வீகத்தில் எந்தத் தெரு என்று கேட்டீர்கள். படித்தவர்கள் தெருப் பெயரைக் கேட்பார்கள். அவர் நேராகக் கேட்டார்."

கேட்டிருப்போம். எதற்காகக் கேட்டோம் என்பதும் நமக்குத் தெரியும். அடுத்த ஒரு மைல் காற்று மட்டுமே பேசிற்று.

காற்றாடிமலையில் கூட்டமில்லை. புனிதர் உயிர் விட்டபோது மலையிலிருந்து பாறை ஒன்று உருண்டு மணிபோல் ஒலித்தது என்பது ஐதீகம். மணியடிச்சான் பாறை என்று காட்டுகிறார்கள். வருகிறவர்கள் சிறு கல்லால் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள். கணீர் என்றே ஒலிக்கிறது. நண்பர் செருப்பைக் கழற்றி, ஒடிந்த குடையை அருகில் வைத்து, மண்டியிட்டு வெகுநேரம் இருந்தார். ஒரு சிறுமி நம் கையில் கல்லைக் கொடுத்து, "நீங்களும் அடிங்க தாத்தா" என்றாள். அடித்தோம்.

உடல் அடங்கியிருக்கும் கோட்டாறு இன்னும் ஒரு நேர நடை. நண்பருக்கு முழங்கால் வலி. பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், கோட்டாற்றுக்கு மார்கழிப் பனியில் வரலாமா என்று கேட்டோம். "வாருங்கள், அப்போது குடை வேண்டியதில்லை" என்றார்.