கடன் வாங்கிய பி.டி. பீரியடு

என் பேத்தி செங்கல்பட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு உண்டு. போட்டிருப்பதோடு சரி. "இந்த வாரம் என்னம்மா விளையாடின?" என்று கேட்டால், "கணக்கு மிஸ் வந்துட்டாங்க தாத்தா" என்பாள். அடுத்த வாரம் சயின்ஸ் மிஸ். பையன்களை மட்டும் பாதி நேரத்தில் மைதானத்துக்கு விரட்டிவிடுகிறார்களாம், உள்ளே இருந்தால் சத்தம் போடுவார்கள் என்று. அடங்கி உட்கார்ந்த குற்றத்துக்குப் பெண் பிள்ளைகளுக்குத் தண்டனை!

பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொண்டார். கைதட்டினோம், சிரித்தோம். கடன் மட்டும் திரும்பி வரவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "வயசுக்கு வந்த பொண்ணுங்க சார், குதிச்சு ஓடி ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் ஆசிரியை. சொன்னவரும் ஒரு பெண் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மாதவிடாய் நாளில்கூட லேசான உடற்பயிற்சி வலியைக் குறைக்கும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகம் முழுவதும் 11 முதல் 17 வயதுள்ள பெண்களில் 85 சதவீதம் பேருக்கு அந்த அளவு எட்டவில்லை, பையன்களில் 78. உண்மையான தடை என்ன தெரியுமா? தண்ணீர் வராத கழிப்பறை, ஓடும்போது தோளில் நிற்காத துப்பட்டா. இரண்டையும் சரிசெய்ய மனமில்லை, பழியைப் பெண்ணின் உடம்பின்மேல் போட்டாயிற்று.

இன்னொரு ஆசிரியர், "செஸ் விளையாடட்டுமே" என்றார். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்து, நம் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியதிலிருந்து இது ஒரு நல்ல சாக்கு. செஸ்ஸைக் குறை சொல்லவில்லை. உட்கார்ந்து ஆடுவதால்தான் இவர்களுக்குப் பிடிக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

அதே மாமல்லபுரத்தில்தான், இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், மீனவர் குப்பத்துக் கமலி மூர்த்தி சின்ன வயதிலேயே வெறுங்காலோடு ஸ்கேட்போர்டு ஓட்டினார். அந்தப் படத்தை டோனி ஹாக் பகிர, உலகமே பார்த்தது. அவரைப் பற்றிய குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. இன்று அலைச்சறுக்கில் தேசிய அளவில் பட்டம் வாங்குகிறார். கடல் அலையில் நிற்க அந்தப் பெண்ணை விட்ட அம்மாவுக்கு இல்லாத பயம், நாலு பக்கமும் சுவர் உள்ள மைதானத்தைக் காவல் காக்கும் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர்களையே முழுதாகத் திட்டுவது நியாயமில்லைதான். பத்தாம் வகுப்பு தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கம் கேட்டு ஓலை வருகிறது. பிள்ளைகள் ஓடவில்லை என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் என் பேத்தி படிப்பது ஒன்பதாம் வகுப்பு. அங்கே என்ன அவசரம்?

அடுத்த கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்கப் போகிறேன்: ஜூன் முதல் எத்தனை பி.டி. பீரியடில் பெண் பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள் என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.